பொருத்தும் முன் நிறுத்துப் பாருங்கள்: ஊட்னடட்டா பாதைக்கு ஒரு ஹைலக்ஸும் டிரெய்லரும்

மெல்பர்னில் வசிக்கும் நீங்கள், இரட்டைக் கேபின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டி ஒன்றையும் ஆறடிக்கு நாலடிப் பழைய பெட்டி டிரெய்லர் ஒன்றையும் வைத்துக்கொண்டு, வரும் ஜூலையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அடிலெய்டு, மரீ, தெற்கு ஆஸ்திரேலிய உள்நாட்டு மண்சாலையான ஊட்னடட்டா பாதை, உலுரு வழியாக அலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போய்வர எண்ணியிருக்கிறீர்கள். இரும்பு முன்காப்பு, கூரைத் தாங்கி, கூரைக் கூடாரம், இழுப்பறைகள், குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி ஆகியவற்றை எந்த வரிசையில் பொருத்துவது, டிரெய்லரின் பக்கத் தகடுகளை உயர்த்தி, அதை வண்டியோடு இணைக்க முன்னால் நீளும் இரும்புச் சட்டமான ஏர்க்காலின் மேல் ஒரு பெட்டியும் வைக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். அடிலெய்டிலிருந்து அந்தத் திசையில் பலமுறை போய்வந்தவன், இரண்டு டிரெய்லர்களை என் கையாலேயே மாற்றியமைத்தவன் என்ற முறையில் விரிவாகவே சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். நெடும்பயணத்துக்கு வண்டி தயார் செய்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால் வருபவை. தொட்டி நிறைய டீசல், குடும்பம் முழுவதும் உள்ளே, அந்த நிலையில் முன்னச்சு எவ்வளவு, பின்னச்சு எவ்வளவு என்று தனித்தனியாக எடுங்கள். பிறகு, வண்டி தாங்கக்கூடிய மொத்த எடையான ஜி.வி.எம்., வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்பான ஜி.சி.எம்., ஒவ்வொரு அச்சுக்குமான வரம்பு ஆகியவற்றைக் கையேட்டில் பார்த்து அருகே எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் காட்டும் இழுவைத் திறன் ஒன்றை மட்டும் பார்த்து மனம் நிறைந்துவிட வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் அந்த எண் எட்டுவதற்கு வெகு முன்பாகவே வேறொரு வரம்பு வந்து வழிமறித்துவிடும்.

இந்த வகை வண்டியில் ஆள், பொருள் எல்லாம் சேர்த்து ஏற்றக்கூடியது ஏறத்தாழ 900 முதல் 1000 கிலோ. பெரிய எண்ணாகத்தான் தெரியும். உங்கள் பட்டியலைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் 220 கிலோ. இரும்பு முன்காப்பு 70. பின்தட்டின் மேல் மூடி 120. இழுப்பறைகள் 80. உணவோடு சேர்த்துக் குளிர்பெட்டி 50. கூரைத் தாங்கியும் கூடாரமும் 100. பேட்டரி, சார்ஜர், கம்பிகள் 25. தண்ணீர் 60. கருவிகளும் மீட்புச் சாமான்களும் 50. டிரெய்லரின் முன்முனை வண்டியின் மேல் இறக்கும் பாரம், குறைத்துச் சொன்னாலும், 100. கூட்டினால் 875 கிலோ வருகிறது. துணி, அரிசி, அடுப்பு, போர்வை, இரண்டாவது உதிரிச் சக்கரம் எதையும் இன்னும் ஏற்றவில்லை.

இதில் பலரும் விட்டுவிடுவது கடைசியில் சொன்ன அந்த 100 கிலோ. டிரெய்லரின் பாரம் டிரெய்லரின் கணக்கில் மட்டும் சேரும் என்று நினைப்பது இயல்பு. கொக்கி வழியாக இறங்கும் பாரம் இழுக்கும் வண்டியின் ஜி.வி.எம்மிலும் சேரும். அதோடு, கொக்கி பின்னச்சுக்கு அப்பால், ஏறத்தாழ 1.3 மீட்டர் பின்னால் நிற்பதால் அங்கே நெம்புகோலும் வேலை செய்கிறது. சக்கர இடைவெளி மூன்று மீட்டரை ஒட்டிய வண்டியில் கொக்கியில் 100 கிலோ வைத்தால், முன்னச்சிலிருந்து ஏறக்குறைய 40 கிலோ எடுபட்டு, பின்னச்சில் 140 கிலோ விழும். ஸ்டீயரிங்கும் முன்பிரேக்கும் சாலையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடி குறைவதும், இரவில் எதிரே வருபவர் கண்ணில் நம் விளக்கு அடிப்பதும் இதனால்தான்.

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் நுகத்தைத் தூக்கி மாட்டை நடக்கவிடாது. டிரெய்லருக்கும் கணக்கு இதுவேதான். ஆஸ்திரேலியாவில் வழக்கமாகச் சொல்லும் அளவு, டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருக்க வேண்டும் என்பது. 900 கிலோ டிரெய்லருக்கு 90 கிலோ. இதை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. சமதரையில், ஓடும்போது இருக்கும் அதே உயரத்தில் கொக்கி நிற்கும்படி, வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் கொக்கியை மெல்ல இறக்கினால் போதும். எண் தராசின் எல்லையைத் தாண்டினால் அதுவே உங்களுக்குச் செய்தி.

பின்பாரமான டிரெய்லர் ஒரு குறிப்பிட்ட வேகம் வரை அமைதியாக வரும். அதைத் தாண்டியதும், எதிரே பெரிய சரக்கு லாரி கடக்கும் காற்றிலோ, இறக்கத்திலோ, வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அப்போது ஆக்சிலரேட்டரை மிதிப்பதும், ஸ்டீயரிங்கால் எதிர்த்துத் திருப்புவதும், வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லருக்கு மின்பிரேக் இருந்தால் அதன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையால் இயக்கி டிரெய்லரை மட்டும் பிடிக்க வேண்டும்; டிரெய்லர் பின்னால் இழுபட்டதும் இரண்டும் ஒரே கோட்டில் நேராகிவிடும். இந்த ஆபத்து வராமல் இருக்கவே கனமான எதையும் அச்சுக்கு மேலோ அச்சையொட்டியோ, தாழ்வாக வைக்கச் சொல்கிறேன். பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கைச் சரிக்கட்ட, வாலில் 80 கிலோவும் ஏர்க்காலில் 80 கிலோவும் வைத்துச் சமன் செய்வது தவறு. தராசில் எண் சரியாகவே வரும். ஆனால் இரு முனையிலும் கனம் கட்டிய காவடியைப் போல, ஆடத் தொடங்கினால் நிறுத்த முடியாது.

ஏர்க்காலின் மேல் பெட்டி வைக்கலாமா என்று கேட்டதற்கு என் அனுபவமே பதில். என் முதல் டிரெய்லரில் ஏர்க்காலின் குறுக்கே இரண்டு கோண இரும்புகளை வைத்து நானே வெல்டிங் செய்து, அதன் மேல் கருவிப் பெட்டி, இரண்டு டீசல் கேன்கள், எரிவாயு உருளை என்று ஏற்றியிருந்தேன். வில்லியம் கிரீக்கிலிருந்து ஊட்னடட்டாவுக்குப் போகும் வழியில், அல்ஜிபக்கினா பழைய ரயில் பாலத்தருகே நிறுத்தி, வழக்கம்போல் சுற்றிப் பார்த்தபோது, ஏர்க்காலின் மேல்முகத்தில் படிந்திருந்த செம்மண் தூசியின் நடுவே, வெல்டிங்கின் ஓரமாக ஒரு கறுத்த கோடு தெரிந்தது. விரலால் துடைத்தேன், கோடு போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் நகம் அதில் இடறியது. பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்து அழுத்தியபோது அந்தக் கோடு மயிரிழை அளவு மூடித் திறந்தது. அன்று பாரம் முழுவதையும் இறக்கி வண்டிக்கு மாற்றி, விரிசலின் இரு பக்கமும் தகடு வைத்துப் பட்டையால் இறுக்கி, மணிக்கு 30 கிலோமீட்டரில் ஊர் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் பின்னிருக்கையில் இருந்ததால் அந்தப் பயணத்தை நான் மறக்கவில்லை.

விரிசல் விட்டதற்குக் காரணம் எளிது. மேடுபள்ளத்தில் ஓடும்போது ஏர்க்கால் ஒவ்வொரு குலுக்கலிலும் வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவில் அதிக இழுவிசையும் அழுத்தமும் தாங்குபவை இரும்பின் மேல்முகமும் கீழ்முகமும். அந்த முகத்தின் குறுக்கே வெல்டிங் ஓட்டினால், சூடுபட்டு இறுகிய அந்தக் கோட்டின் ஓரத்திலேயே சோர்வு விரிசல் பிறக்கும். துளை போட்டாலும் அப்படித்தான். எதையாவது பொருத்தியே ஆகவேண்டும் என்றால், பக்கவாட்டு முகத்தின் நடுவில், நீளவாக்கில் வெல்டிங் செய்ய வேண்டும். அல்லது துளையிடாமல் யூ போல்ட்டால் கட்ட வேண்டும். உங்கள் டிரெய்லரின் ஏர்க்காலில் எதுவும் ஏற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அதைவிடக் கடினமான கருத்து ஒன்றும் உண்டு: அந்த டிரெய்லரை இந்தப் பயணத்துக்கு மாற்றியமைக்க முயலாதீர்கள். ஆறுக்கு நாலு பெட்டி டிரெய்லர்கள் பெரும்பாலும் 750 கிலோ மொத்த எடைக்கு, பிரேக் இல்லாமல் செய்யப்பட்டவை. தன் எடை 200 முதல் 250 கிலோ போக, பக்கத் தகடுகளை உயர்த்தி மூடியும் போட்டால் மிச்சம் 400 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆஸ்திரேலிய விதிப்படி 750 கிலோவைத் தாண்டினால் குறைந்தது ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிடித்து 15 நிமிடமாவது பிடித்து வைத்திருக்கும் அமைப்பும் வேண்டும். பழைய டிரெய்லரின் வரம்பை உயர்த்த அச்சு, ஹப், பட்டை ஸ்பிரிங், பிரேக், கொக்கி, ஏர்க்கால் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பொறியாளரின் சான்றும் வாங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவில், 1400 கிலோ வரம்பும் மின்பிரேக்கும் உள்ள, கரடுமுரடான பாதைக்கென்றே செய்த டிரெய்லரைப் பழையதாக வாங்கிவிடலாம். வாங்கியபின் அதில் 900 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். வரம்புக்கும் பாரத்துக்கும் இடையே விடும் அந்த இடைவெளிதான் துணி துவைக்கும் பலகையைப் போல வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த அந்த மண்சாலையில் உங்களைக் காப்பாற்றும்.

பழையது வாங்கும்போது ஏர்க்கால் உடலோடு சேரும் இடத்தையும், ஸ்பிரிங் தாங்கிகளின் வெல்டிங்கையும் தண்ணீர் விட்டுக் கழுவி, டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் என்றால் இரு முனையிலும் கண் வைத்து ஆணியில் பூட்டியதாக இருக்கட்டும். ஒரு முனை சும்மா சறுக்கிக்கொண்டிருக்கும் வகை நகரத்துக் குப்பை கொட்டும் வேலைக்குச் சரி. அதிர்வு தாங்கிகள் இருந்தே ஆகவேண்டும். கொக்கி சாதாரண 50 மில்லிமீட்டர் பந்தாக இருந்தால் அதை மாற்றி, எல்லாத் திசையிலும் சுழலக்கூடிய டி.ஓ.35 போன்ற ஒன்றைப் பொருத்துங்கள். வாய்க்கால் கடக்கும்போது டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அது ஏர்க்காலை முறுக்காது.

சக்கரங்களில் ஒரு செலவு நிச்சயம் செய்யத் தக்கது. ஹைலக்ஸ் சக்கரத்துக்கு ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். டிரெய்லரின் ஹப்பும் அதே அளவில் இருந்து, டயரும் அதே அளவானால், இரண்டு உதிரிச் சக்கரங்கள் ஆறு சக்கரங்களுக்கும் பொதுவாகிவிடும். மாற்றும் முன் அதே சக்கரம் பிரேக் டிரம்முக்கும் மண்காப்புக்கும் இடிக்காமல் உட்காருகிறதா என்று ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இரண்டின் சக்கரத் தடமும் ஒன்றாக அமைந்தால், வண்டி அமுக்கிவிட்டுப் போன தடத்திலேயே டிரெய்லரும் உருளும். மணலில் இழுவை கண்கூடாகக் குறையும்.

காற்றழுத்தம் பற்றி ஆளுக்கொரு எண் சொல்வார்கள். தார்ச்சாலைக்கு எடைக்கேற்ற அழுத்தத்தை வைத்து, மண்சாலையில் இறங்கியதும் அதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை குறைத்து, வேகத்தையும் 80 கிலோமீட்டருக்குக் கீழே கொண்டுவருவது என் வழக்கம். குறைத்தது சரியா என்பதை டயரே சொல்லும். ஒரு மணி நேரம் ஓடியபின் அழுத்தம் சாதாரண டயரில் 4 பி.எஸ்.ஐ., எல்.டி. வகைப் பாரமான டயரில் 6 பி.எஸ்.ஐ. அளவில் ஏறியிருக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாக ஏறியிருந்தால், தொடக்கத்தில் மிகவும் குறைத்துவிட்டீர்கள், அல்லது வேகமோ பாரமோ அதிகம். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டிரெய்லர் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையை வைக்க முடியாத சூடும், கருகிய கிரீஸ் வாடையும் பேரிங் போகப் போகிறது என்பதன் அறிகுறி. இங்கே ஹோல்டன் வகை, ஃபோர்டு வகை என்று இரண்டு பேரிங் அளவுகள் பரவலாக உண்டு. உங்களுடையது எது என்று அறிந்து, கிரீஸ் பூசிய ஒரு முழுத் தொகுதியை, சீல், பிளவு ஊசி உள்பட, பிளாஸ்டிக் உறையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

வண்டியின் பின்பக்கம் தாழ்கிறதே என்று காற்றுப்பை வைக்கச் சொல்வார்கள். காற்றுப்பை பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும். வண்டியின் வரம்பை ஒரு கிலோவும் கூட்டாது. பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகள் வழியாகச் சட்டத்துக்குப் போகவேண்டிய பாரத்தை அது நடுவில் ஒரே புள்ளியில் முட்டுக்கொடுப்பதால், இரட்டைக் கேபின் வண்டிகளில் சட்டமே அங்கு வளைந்த சம்பவங்கள் நிறைய. உங்கள் எடைக்கணக்கு உண்மையிலேயே வரம்பைத் தாண்டினால் முதலில் பட்டியலைக் குறையுங்கள். அதன்பிறகும் தேவையென்றால் சான்றளிக்கப்பட்ட ஜி.வி.எம். உயர்வைச் செய்யுங்கள். விக்டோரியாவில் பதிவான வண்டிக்கு வாஸ் எனப்படும் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்று இதற்கு வேண்டும். வரம்பு மீறிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீடு கைவிட வாய்ப்பு உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

குறைப்பது என்று வந்தால் கூரையிலிருந்து தொடங்குங்கள். கூரைக்கென்று கொடுத்திருக்கும் வரம்பில் தாங்கியின் எடையும் அடங்கும்; மண்சாலையில் அந்த வரம்பு இன்னும் சுருங்கும். டிரெய்லர் இருக்கும்போது கூரைக் கூடாரத்தை வண்டித் தலையில் சுமப்பதில் பொருளில்லை. அது டிரெய்லரின் மேல் ஏறட்டும், அல்லது தரையில் போடும் கூடாரமே போதும்.

மின்சாரத்தில் என் தேர்வு: குளிர்பெட்டியையும் இரண்டாவது பேட்டரியையும் வண்டியிலேயே வையுங்கள், டிரெய்லருக்கு விளக்கும் பிரேக்கும் போதும். இரண்டிலும் பிரித்து வைத்தால் கம்பியும் இணைப்பும் இரட்டிப்பாகும், தூசியில் முதலில் கெடுவதும் அந்த இணைப்புகள்தான். இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர்கள் எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுவதால், அதை உயர்த்தித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் இல்லாமல் இரண்டாவது பேட்டரி நிறையாது. கம்பி வாங்கும்போது கவனம் தேவை. இங்கே கடைகளில் 6 மி.மீ. என்று விற்கும் வாகனக் கம்பியில் அந்த ஆறு, உறையோடு சேர்ந்த விட்டம். உள்ளே செம்பின் குறுக்குப் பரப்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான். எஞ்சின் அறையிலிருந்து பின்தட்டு வரை ஆறு மீட்டர், திரும்ப ஆறு மீட்டர் என்று அந்தக் கம்பியில் 25 ஆம்பியர் போனால் வழியிலேயே 1.1 வோல்ட் தொலையும். 13.5 சதுர மில்லிமீட்டர் செம்புள்ள, கடையில் 6 பி அண்டு எஸ் என்ற அளவில் கேட்க வேண்டிய கம்பியில் இழப்பு 0.4 வோல்ட். இரு முனையிலும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள்.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டாக இருந்தால் 100 ஆம்பியர்-மணிக்கு 12 கிலோ அளவில் முடிந்துவிடும், ஏ.ஜி.எம். எனப்படும் ஈய-அமில வகை என்றால் 30 கிலோ. ஆனால் லித்தியம் பேட்டரியைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. ஜூலை விடியலில் அலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் தண்ணீர்க் கேனில் பனிக்கட்டி படிவது சாதாரணம் என்பதால், குளிரில் சார்ஜைத் தானே தடுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதிகச் சூடும் ஆகாது என்பதால் எஞ்சின் அறையில் அந்தப் பேட்டரியை வைக்காதீர்கள்.

தூசியும் கல்லும் தனிப் பகை. வண்டியின் பின்சக்கரம் எறியும் கல் டிரெய்லரின் முன்முகத்தில் பட்டுத் திரும்பிப் பின்கண்ணாடியை உடைக்கும். ஆகையால் டிரெய்லரின் முன்புறத்தில் சாய்வாக ஒரு வலைத் திரை கட்டுங்கள், எகிறும் கல் அதில் பட்டு வேகம் இழந்து விழும். சமையல் சாமானில், உலோகமும் உலோகமும் தொடும்படி எதையும் அடுக்காதீர்கள். அடுத்தடுத்து நின்ற அலுமினியக் குளிர்பானக் கேன்கள் ஒரே பகலில் ஒன்றையொன்று தேய்த்து ஓட்டையாகி, பெட்டி முழுவதும் சாம்பல் நிறப் பசையாக ஒழுகியதைக் கண்டிருக்கிறேன். எவர்சில்வர் டப்பாக்களுக்கு இடையே துண்டுத் துணி, குக்கருக்குள் போர்வை. இட்லி மாவு இந்தச் சாலைக்கு வேண்டாம். குலுக்கலில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். ரவை, அவல், பருப்பு போதும். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈக் கட்டுப்பாட்டால் பழங்களுக்கும் பல காய்கறிகளுக்கும் தடை இருப்பதால், அவற்றை அடிலெய்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரை ஒரே தொட்டியில் வைக்காமல் மூன்று கேன்களாகப் பிரித்து அச்சுக்கு மேலே கட்டுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்கும்.

மரீயிலிருந்து மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர். இடையில் வில்லியம் கிரீக்கிலும் ஊட்னடட்டாவிலும் எரிபொருள் கிடைக்கும். ஆகவே நெடுந்தூரத் தொட்டி பொருத்தத் தேவையில்லை. டிரெய்லர் இழுக்கும்போது செலவு கூடும் என்பதற்காக 20 லிட்டர் கேன் ஒன்று போதுமானது. மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள், மூடிய பாதையில் போனால் அபராதம். எனவே இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துத் திட்டமிடுங்கள்.

ஏப்ரலுக்குள் எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, முழுப் பாரத்தோடு ஏதாவது மண்சாலையில் இரண்டு இரவு போய்வாருங்கள். முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாச் சக்கர நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். திரும்பி வரும் வழியில், எதையும் இறக்காமல், மீண்டும் எடைமேடையில் ஏற்றி, முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு ஆகிய மூன்றையும் எடுங்கள். தராசில் பார்த்த கொக்கிப் பாரத்தையும் சேர்த்து அந்த நான்கு எண்களை எழுதி அனுப்பினால், எதை எங்கே நகர்த்துவது, எதை வீட்டிலேயே விட்டுவருவது என்று திட்டமாகச் சொல்கிறேன்.